கறை நீக்கிய கைகள்

ஆண்டு விழா நெருங்கிவிட்டது என்பதை நம் குடியிருப்பில் நாட்காட்டியைப் பார்த்து அறிய வேண்டுவதில்லை. பெட்டிகளின் அடியில் துயில்கொண்டிருந்த பட்டுப்புடவைகளும் சரிகை வேட்டிகளும் வெளிப்பட்டு, மாடிக்குமாடி கொடிகளில் காற்றாடத் தொடங்கினால் விழா வந்துவிட்டது என்பதே பொருள். அவ்வாறு எடுத்து விரிக்கும்பொழுதுதான் சென்ற ஆண்டின் கறைகளும் கண்ணிற் படுகின்றன. பந்தியில் சிந்திய சாம்பார் ஒரு முனையில். வெற்றிலைச் சாறு மறு முனையில். குத்துவிளக்கேற்றிய கையின் எண்ணெய் முந்தானையில். "ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் மொழியும், "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் மொழியும் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குவனவே. ஆயினும், கசக்கிக் கொடுத்த கை யாருடையது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

அரசர் உடுத்த ஆடையைப் பற்றி வரலாறு பேசுகின்றது. அதனை நெய்தவரைப் பற்றியும் ஓரளவு பேசுகின்றது. அதில் படிந்த கறையை நீக்கியவரைப் பற்றி அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. எனினும் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் சட்ட நூல்களிலும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் செய்திகளைத் தொகுத்துப் பார்ப்போமானால், மூவாயிரம் மைல் கடந்து ஓடும் ஒரு பேராற்றைப் போன்ற நெடுங்கதை ஒன்று நம் முன் விரிகின்றது. அக்கதையின் சில துறைகளில் மட்டும் இக்கட்டுரையில் இறங்கிப் பார்ப்போம்.

சங்க காலத்துத் துறை

சங்கப் பாடல்களில் ஆடை வெளுக்கும் தொழிலைச் செய்பவளாகப் பெண்ணையே பல இடங்களிற் காண்கிறோம். புலவர் அவளைப் 'புலைத்தி' என்று குறிக்கின்றனர். பிற்காலத்தில் அச்சொல்மீது ஏறிய இழிவைச் சற்றே விலக்கி வைத்துவிட்டு அப்பாடல்களைப் படித்தல் வேண்டும். நற்றிணையில் ஒரு பாடல் விழாக்கொண்ட பழைய ஊர் ஒன்றைக் காட்டுகின்றது. ஊரார்க்கு விழா, அவளுக்கோ கை ஓயாத வேலை. எல்லார்க்கும் வெளுத்த ஆடை வேண்டுமல்லவா? இரவிலே அவள் சோற்றுக் கஞ்சியிட்டு எடுத்த ஆடையை உடுத்துத்தான் ஊர்மகள் விழாவிற்குப் போகின்றாள். குறுந்தொகைப் பாடல் ஒன்றில், கஞ்சிப் பசை தோய்த்துக் கல்லில் அறைந்து குளத்து நீரில் இட்ட துணியின் பிரியாத முறுக்கு, பகன்றையின் வெண்மலருக்கு உவமையாகின்றது. துறையருகே நின்று அவ்வேலையைக் கூர்ந்து பார்த்த கண்ணுக்கல்லாமல் பிறர்க்கு இவ்வுவமை தோன்றாது.

எல்லாவற்றினும் சிறந்த சான்று புறநானூற்றில் ஔவையார் பாடிய 311-ஆம் பாட்டிற் கிடைக்கின்றது. களர்நிலத்திலே கிணறு தோண்டி, அந்நீரில் நாளும் வெளுத்துக் கொடுத்த தூய வெள்ளாடையைத் தலைவன் ஒருவன் உடுத்திருக்கின்றான். அவ்வாடை அழுக்கேறிக் கிடக்கின்றது. ஏன்? புழுதி நிறைந்த தெருவிலே அமர்ந்து பலருடைய காரியங்களை அவன் முடித்துக் கொடுத்தமையால். பிறர்க்கு உழைத்ததனால் ஏற்பட்ட அழுக்கு அவனுக்கு இழுக்கன்று, பெருமை என்பதே புலவரின் கருத்து. அழுக்கை நோக்கும் இப்பார்வை உயர்ந்தது. ஆனால் அவன் ஆடையை மறுநாளும் வெளுத்த பெண்ணின் கையிற் படிந்த அழுக்கைப் பெருமையாகக் கொள்ளப் பிற்காலச் சமுதாயம் மறந்தேபோயிற்று.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

களர்நிலத்தில் ஏன் கிணறு தோண்ட வேண்டும்? நல்ல நீர் இல்லையா? இங்கேதான் தொழிலின் நுட்பம் ஒளிந்திருக்கின்றது. களர்மண்ணிலும் உவர்மண்ணிலும் சோடியம் கார்பனேட்டு என்னும் காரப்பொருள் கலந்துள்ளது. அக்காரம் துணியிற் படிந்த எண்ணெய்ப் பசையோடு சேரும்பொழுது, எண்ணெயில் ஒரு பகுதி துணியின்மீதே சவர்க்காரமாக மாறி நீரோடு கழிந்துவிடுகின்றது. சவர்க்காரத்தைக் கடையில் வாங்குவதற்கு முன்னரே, கறையைக்கொண்டே சவர்க்காரம் செய்து அக்கறையை நீக்கிய அறிவு இது.

வட இந்தியாவில் வாழும் நமக்கு இது புதியதன்று. இங்கே களர்நிலத்தை 'ஊசர்' என்பர். அதன்மேல் வெண்மையாகப் பூக்கும் உப்பை 'ரே' என்பர். கங்கைச் சமவெளியின் சலவைத் தொழிலாளர் அதனைத்தான் வாரிக்கொண்டு வந்து துணி வெளுத்தனர். காவிரிக்கரையும் கங்கைக்கரையும் மொழியால் வேறுபட்டிருக்கலாம். துறையிலே இரண்டும் ஒரே பாடத்தைக் கற்றிருந்தன.

உவர்மண்ணைக் கரைத்துத் தெளிந்த நீரில் துணிகளைத் தோய்த்து, கொதிநீர்ப் பானையின்மீது சுற்றி அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பதற்கு 'வெள்ளாவி வைத்தல்' என்று பெயர். காரமும் வெம்மையும் கூடி நூலின் உள்ளே புகுந்து அழுக்கை நெகிழ்த்தும். விடியலில் துறைக்குக் கொண்டுசென்று கல்லில் அறைந்தால் அது நீரோடு போய்விடும். பருத்தி இதனைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்கா. அவை உயிர்களிடமிருந்து பெறும் புரதத்தாலான இழைகளாதலின், கடுங்காரம் பட்டால் வலுவிழந்து நைந்துவிடும். ஆதலால் அவற்றிற்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நுரையே ஏற்றது. இங்குள்ளோர் அதனை 'ரீட்டா' என்பர். இன்றும் நம் பாட்டிமார் காஞ்சிப் பட்டிற்கு அதனையே நம்புவது காரணமின்றியன்று.

கறை ஒவ்வொன்றற்கும் மருந்து வெவ்வேறு என்பதையும் அத்தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். குருதியும் பாலும் பட்ட துணியை வெந்நீரில் இடமாட்டார்; வெம்மையால் அவற்றின் புரதம் உறைந்து நூலோடு ஒட்டிவிடும்; தண்ணீரே அதற்கு மருந்து. மஞ்சள் கறைபட்ட வேட்டியைச் சவர்க்காரத்தில் இட்டவுடன் அது குருதிபோல் சிவப்பதைக் கண்டு நம் இல்லத்தரசியர் பலர் அஞ்சியிருப்பர். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும் இயல்புடையது, அவ்வளவே. அலசியபின் வெயிலில் உலர்த்தினால், அந்நிறப்பொருள் ஒளியிற் சிதைந்து மெல்ல மங்கிவிடும். இரும்புச் சத்துள்ள பழைய எழுதுமையின் கறைக்கும் துருவின் கறைக்கும் எலுமிச்சையின் புளிப்பு பகையாகும். நெய்க்கறைமீது உலர்ந்த களிமண் பொடியைத் தூவினால் அது நெய்யை உறிஞ்சிக்கொள்ளும். வெளுத்த துணியின் இறுதி அலசலில் சிறிது நீலம் சேர்ப்பதும் இத்தகைய நுட்பமே. பழுப்பேறிய துணியின் மஞ்சட் சாயலை நீலச் சாயல் ஈடுசெய்வதால் அது கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றது.

இவ்வளவு கறைகளை நீக்கியவர் நீக்கவே முடியாத கறை ஒன்றையும் தம்மிடம் வைத்திருந்தனர் என்பது வியப்பிற்குரியது. சேங்கொட்டையின் கருஞ்சாறே அஃது. எந்த வீட்டுத் துணி எதுவென்று அறிவதற்கு அதனால் ஓரத்தில் ஒரு புள்ளியோ கோடோ இடுவர். உவர்மண்ணாலும் வெள்ளாவியாலும் அது போகாது. எழுத்தறியாதவர் என்று நாம் கருதியவர், நூறு வீட்டுத் துணிகளைத் தம் குறியெழுத்தாலேயே பிரித்து, ஒன்று மாறாமல் கொண்டுவந்து சேர்த்தனர்.

நூல்கள் கூறும் விதிகள்

வடமொழிச் சட்ட நூல்களும் இத்தொழிலைக் குறித்துப் பேசுகின்றன. கௌடில்யரின் அருத்த சாத்திரத்தில், நான்காம் அதிகரணத்தின் முதல் அத்தியாயத்திலேயே சலவைத் தொழிலாளர்க்குரிய விதிகள் உள்ளன. மரப்பலகையிலோ வழவழப்பான கல்லிலோதான் துணியை வெளுக்க வேண்டும். வேறிடத்தில் அடித்துத் துணியைக் கெடுத்தால் இழப்பீட்டோடு 6 பணம் தண்டம். வெளுக்க வந்த பிறர் ஆடையைத் தாம் உடுத்தலாகாது. அதற்கு 3 பணம் தண்டம். அவர்தம் ஆடையிலே தடி வடிவான குறி இருத்தல் வேண்டும் என்பது அதனைக் கண்டறிவதற்கான ஏற்பாடு. பிறர் துணியை விற்றாலும், அடகு வைத்தாலும், வாடகைக்கு விட்டாலும் 12 பணம் தண்டம். இன்றைய சலவைக்கடையின் இரசீதுக்குப் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகள் எல்லாம் கடைக்காரரைக் காப்பவை. அன்றைய நிபந்தனைகளோ துணிக்காரரைக் காத்தன.

மனுநூல் ஐந்தாம் அத்தியாயத்தில் துணிக்குத் துணி வேறான தூய்மைமுறை சொல்லப்படுகின்றது. பட்டிற்கும் கம்பளிக்கும் உவர்மண். மலையாட்டு மயிராலான போர்வைக்குப் பூந்திக்கொட்டை. மெல்லிய துகிலுக்கு வில்வக்காய். நாரினாலான வெள்ளாடைக்கு வெண்கடுகு. பட்டிற்கு உவர்மண் என்னும் விதியை இன்றைய வேதியியல் ஏற்காது. எனினும், இழை மாறினால் மருந்தும் மாற வேண்டும் என்ற அடிப்படை அன்றே தெளிவாக இருந்தது. வேடிக்கை யாதெனில், தூய்மையைப் பற்றி இத்துணை நுட்பமாகப் பேசிய நூல்களின் உலகமே, தூய்மை செய்தவரைத் தீண்டத்தகாத எல்லையில் நிறுத்தியது. துணியின் கறையை நீக்க வழி கண்டவர், மனத்தின் கறையை நீக்க வழி காணாது விட்டனர்.

கல்லும் காஞ்சியும்

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் இவர்தம் தடம் உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்பொழுது வண்ணாரச்சேரியையும் குறிப்பிடுகின்றன. கோயிற் பணியாளர் வரிசையில் 'ஈரங்கொல்லி' என்ற பெயரால் இத்தொழிலாளர் இடம்பெறுகின்றனர். ஈரத்தைக் கொல்பவர் என்னும் இப்பெயர் எத்துணை அழகியது! அதே காலத்தில், துணி துவைக்கும் கல்லுக்கும் 'வண்ணாரப் பாறை' என்று ஒரு வரி இருந்தது. குடியிருக்கும் இடத்திற்கு வரியில்லை; உழைக்கும் கல்லுக்கு வரி உண்டு.

காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் வைத்துப் போற்றினார். அடியார் ஒருவரின் அழுக்கடைந்த கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக வாக்களித்தார் தொண்டர். மழை விடாது பெய்தது. ஆடை உலரவில்லை, கொடுத்த சொல் பொய்க்க நேர்ந்தது. துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதத் துணிந்தார். இறைவன் கை தோன்றித் தடுத்தது என்பது புராணம். புராணத்தை நம்புவோரும் நம்பாதோரும் ஒருசேர ஒப்பக்கூடிய உண்மை ஒன்று அதில் உண்டு. நேரத்திற்குத் துணியைக் கொடுப்பதைத் தம் உயிரினும் பெரிதாக எண்ணிய தொழிலறம் அது.

கும்பினியார் சென்னையில் கோட்டை கட்டித் துணி வாணிகம் தொடங்கியபொழுது, நெய்த துணியை ஏற்றுமதிக்கு முன் வெளுத்துக் கொடுப்பவர் இன்றியமையாதவராயினர். அவர்கள் குடியமர்ந்த பகுதியே வண்ணாரப்பேட்டை. தறியிலிருந்து இறங்கிய பழுப்புத் துணியைக் கடல்கடந்த சந்தைக்கு உரிய வெண்டுணியாக்கியவர் அவர்களே.

மேலைநாட்டு வெளுப்பு

பழைய உரோம் நகரில் துணி வெளுப்போர், பொது இடங்களில் சேர்த்த சிறுநீரை அதற்குப் பயன்படுத்தினர். நாட்பட்ட சிறுநீரிலுள்ள அம்மோனியா என்னும் காரமே அங்கே உவர்மண்ணின் வேலையைச் செய்தது. கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெசுபாசியன் அச்சிறுநீருக்கும் வரி விதித்தான். பாறைக்கு வரி விதித்தவர் மட்டும் தனியராகிவிடவில்லை.

ஐரோப்பாவில் நெடுங்காலம் வரை துணியைக் காரநீரில் ஊறவைத்து, புளித்த மோரில் தோய்த்து, புல்வெளியில் வாரக்கணக்கில் விரித்து வெயிலால் வெளுத்தனர். 1774-இல் சீலே என்பவர் குளோரின் வாயுவைக் கண்டறிந்தார்; 1785-இல் பெர்த்தொலே அதன் வெளுக்கும் ஆற்றலைக் காட்டினார்; 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் அதனைச் சுண்ணாம்பில் ஏற்றிச் சலவைத்தூளாக்க உரிமை பெற்றார். மாதங்கள் பிடித்த வேலை நாட்களில் முடிந்தது.

நம் நாட்டில் 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் சன்லைட் சவர்க்காரக் கட்டிகள் வந்திறங்கின. 1959-இல் சர்ஃப் தூளும், 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மாத் தூளும் வந்தபின், உவர்மண் நம் வீட்டு வழக்கிலிருந்து மறைந்தது.

விலங்கறுத்த சலவை

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை ஈர்க்கும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நடந்தது. தாமஸ் ஜென்னிங்ஸ் என்னும் கறுப்பினத்தவர் அங்கே தையற்கடை நடத்திவந்தார். 1791-இல் சுதந்திரராகவே பிறந்தவர். விலையுயர்ந்த கோட்டுகளிலும் கவுன்களிலும் கறைபட்டுவிட்டால் தண்ணீரில் இட முடியாது. இட்டால் உரு மாறிவிடும். அதனால் பல ஆடைகள் வீணாயின. பல கலவைகளைச் செய்து பார்த்து, உலர்முறையில் கறை நீக்கும் வழியொன்றை ஜென்னிங்ஸ் கண்டறிந்தார். 1821-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் அதற்கு அரசாங்கக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டில் காப்புரிமை பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே என்பர். 1836-இல் காப்புரிமை அலுவலகத்தில் நேர்ந்த தீயில் அவருடைய குறிப்புகள் எரிந்து போயின.

ஆனால் அந்த வருவாயைக்கொண்டு அவர் செய்தது எரிந்து போகவில்லை. அடிமைத்தளையில் இருந்த தம் குடும்பத்தாரை அவர் அப்பணத்தால் மீட்டார். அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்திற்கும் வாரி வழங்கினார். அவருடைய மகள் எலிசபெத், 1854-இல் வெள்ளையர்க்கென ஒதுக்கிய குதிரைத் தெருவண்டியிலிருந்து இறங்க மறுத்து, வலிந்து வெளியேற்றப்பட்டு, வழக்குத் தொடுத்து மறு ஆண்டு வெற்றியும் பெற்றார். கோட்டிலிருந்த கறையை நீக்கிய கை, ஒரு குடும்பத்தின் விலங்கையும் அறுத்தது. உலகில் எத்துணைச் சலவைக்கடைகள் இருப்பினும், இதனினும் வெண்மையான வெளுப்பு வேறெதுவும் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பாரிசில் ஜொலி என்பார் கர்ப்பூரத் தைலம் போன்ற எண்ணெய்களால் துணி வெளுக்கும் தொழிலைப் பெருக்கினார். இன்று நாம் 'டிரைகிளீனிங்' என்று வழங்குவதன் தொடக்கம் அது. 'உலர்சலவை' என்ற பெயர் இருப்பினும் துணி நனையாமலில்லை. தண்ணீருக்கு மாறாகக் கொழுப்பைக் கரைக்கும் வேறொரு திரவத்தில் நனைகின்றது. முதலிற் பயன்பட்டவை எளிதில் தீப்பற்றின. பின்னர்ப் பரவிய பெர்குளோரோஎத்திலீன் தீப்பற்றாதெனினும், புற்றுநோய் விளைக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியுள்ளது. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவர் கோட்டு அணிபவர் அல்லர், கோட்டை வெளுப்பவரே.

வழக்கறிஞரின் கழுத்துப்பட்டை

காந்தியடிகளின் வாழ்விலும் சலவைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபொழுது, சலவைச் செலவைக் குறைக்க எண்ணி, அத்தொழிலைக் கற்பிக்கும் நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமே கழுத்துப்பட்டை வெளுத்தார். முதல் முயற்சியில் கஞ்சி மிகுந்துவிட்டது. கருகிவிடுமோ என்ற அச்சத்தால் பெட்டியை அழுத்தித் தேய்க்கவுமில்லை. நீதிமன்றத்தில் கழுத்திலிருந்து கஞ்சி உதிர, உடன் வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவர் நாணவில்லை.

1912-இல் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். ரானடே அளித்த மேலாடை ஒன்றை அவர் பெருஞ்செல்வமாகப் போற்றி, சிறப்பு நிகழ்ச்சிகளில் மட்டும் அணிவார். ஜோகானஸ்பர்க் இந்தியர் அளித்த விருந்திற்கு அதனை அணிய வேண்டும். அதுவோ மடிப்புக் கலைந்திருந்தது. சலவைக்கு அனுப்ப நேரமில்லை. தாம் பெட்டி போட்டுத் தருவதாகக் காந்தியடிகள் முன்வந்தார். உம்முடைய வழக்கறிவை நம்புவேன், சலவை அறிவை நம்பேன், கறைபடுத்திவிட்டால் என் செய்வது என்று கோகலே தயங்கினார். இறுதியில் இசைந்தார். வேலை செம்மையாக முடிந்தது. கோகலேயின் நற்சான்று கிடைத்தபின் உலகம் மறுத்தாலும் கவலையில்லை என்று அடிகள் எழுதுகின்றார். பிறர் இழிவென்று ஒதுக்கிய தொழிலில் ஒரு நற்சான்றைப் பெறுவதைப் பேறாகக் கருதிய உள்ளம் அது.

கொச்சியில் ஒரு தமிழ்த்துறை

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு நெருங்கிய செய்தியை இனிக் கூறுவோம். தமிழகத்திலிருந்து வெளியூர் சென்று பிழைத்தவர் என்றால் எழுத்தரையும் ஆசிரியரையும் பொறியாளரையுமே நாம் நினைக்கிறோம். நமக்கு முன்னரே சென்றவர் உண்டு. 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். தம் படைவீரரின் சீருடைகளை வெளுப்பதற்குத் தமிழகத்து வண்ணார் குடும்பங்களை அவர்கள் அழைத்துச் சென்றனர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகக் கூறும் வரலாறு. டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயர் வந்து போயினர், அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் நிலைத்துவிட்டனர், வீட்டிலே தமிழையும் விடவில்லை.

அவர்களுக்கென 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் 'டோபிகானா' என்னும் சலவைக்கூடத்தைக் கட்டித் தந்தது. ஆளுக்கொரு துவைக்கும் தொட்டி. வெளியே விரிந்த உலர்த்துமிடம். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துவர். காற்றடித்தாலும் விழாது, கவ்வியின் துருவும் படாது. அரிசிக் கஞ்சியும் நீலமும் அங்கே இன்னும் வழக்கில் உள்ளன. அக்கூடத்தை நடத்துவது அவர்களுடைய வண்ணார் சங்கம். நம் சங்கத்திற்கு மலரும் மேடையும் உண்டு. அச்சங்கத்திற்குத் தொட்டியும் கயிறும் உண்டு. அதுவும் புலம்பெயர்ந்த ஒரு தமிழர் சங்கமே. ஆண்டுகளால் நமக்கு மூத்த சங்கமுமாகும்.

நம் வாயிலில்

இறுதியாக நம் கதை ஒன்று. நாம் இந்நகருக்கு வந்த புதிதில் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல வெள்ளைச் சட்டை. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முந்திய நாள் மாலை, பையிலிருந்த பேனா கசிந்து நெஞ்சின்மீது உள்ளங்கையளவு மை படர்ந்துவிட்டது. வேறு சட்டை வாங்கக் கையிற் காசில்லை. தெருமுனையில் வேப்பமரத்தடியில் கரிப்பெட்டியோடு நின்ற சலவைத் தொழிலாளர் ஒருவரிடம், பாதி இந்தியிலும் பாதி கைச்சாடையிலும் முறையிட்டோம். அவர் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "பாபுஜி, சோப்பு போட்டீர்களா?" என்று வினவினார். இல்லை என்றோம். "நல்லவேளை" என்றார். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து, நீர் விட்டு, மீண்டும் தேய்த்து, இருள் சூழும்வரை அதனோடு போராடினார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சட்டை பெட்டி போட்டு வந்தது. மை இருந்த இடம் தெரியவில்லை. கூலியாக அவர் கேட்டது வழக்கமான சில பைசாக்கள் மட்டுமே. வேலை கிடைத்தது, அவ்வேலையால் இந்நகரில் வீடும் குடும்பமும் அமைந்தன.

அதற்குப்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் நம் வீட்டுத் துணிகளை வெளுத்தார். அவர் வரும்பொழுதெல்லாம் தேநீர் கொடுத்தோம். ஆனால் அவர்க்கென்று வாயிலின் பின்னே பிடியுடைந்த குவளை ஒன்று தனியே வைக்கப்பட்டிருந்தது. அதனைத் தனியே வைக்கும்படி எவரும் கட்டளையிடவில்லை. எடுத்துவிடும்படியும் எவரும் சொல்லவில்லை. ஒருநாள் நம் பேத்தி, "தாத்தா, அவருக்கு மட்டும் ஏன் உடைந்த குவளை?" என்று கேட்டாள். விடை சொல்ல நம்மிடம் சொல் இல்லை. மறுநாள் அக்குவளையை எறிந்தோம். அடுத்த முறை நாம் குடிக்கும் குவளையில் தேநீர் கொடுத்தபொழுது, அவர் அதனைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமற் குடித்தார். அந்த மௌனம் இன்றும் நம் நெஞ்சில் உள்ளது. நம் சட்டையின் கறையை அவர் ஒரு மாலையில் நீக்கினார். நம் வீட்டின் கறையை நீக்க நமக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இன்று அவர் இல்லை. அவர் மகன் அதே மரத்தடியில் நிற்கின்றார். நம் வீடுகளில் சலவை இயந்திரங்கள் வந்துவிட்டன. எனினும் விழாவிற்கு முந்திய நாள் அவர் வண்டியின்மீது மடித்து அடுக்கிய சரிகை வேட்டிகள் மலைபோற் குவிகின்றன. நற்றிணைப் புலவர் கண்ட ஓயாத கையை அங்கே நாமும் காண்கிறோம். ஊரார்க்கு விழா, அவர்க்கு வேலை.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழாவின் அழைப்பிதழ் ஒன்று அந்த வேப்பமரத்தடிக்கும் போதல் வேண்டும். குடும்பத்தோடு அவர் வந்து நம் நடுவே அமர்ந்து, நம் பந்தியில் நம் இலையில் உண்ணல் வேண்டும். பந்தியில் யாரேனும் சாம்பாரைச் சிந்தினால், அதனை எவ்வாறு நீக்குவது என்பதை அவரிடமே கேட்டுக் கொள்ளலாம்.

உடை வெண்மையாக இருத்தல் நன்று. அதனை வெண்மையாக்கியவரின் முன் நம் உள்ளமும் வெண்மையாக இருத்தல் அதனினும் நன்று. வாழ்க உழைக்கும் கைகள்!